தொட்டியின் மேல் ஒரு கை

மலையடியில் ஒரு சின்ன மடம் இருந்தது. குரு ஒரு பெண். மங்களாம்பிகை என்று பெயர்; நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர்களில் மூத்தவர் தாண்டவராயன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை ஐயா என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் கிடையாது.

பூசைக் கூடத்தின் மூலையில், பீங்கான் தொட்டியில் ஒரு ஆலிவ் மரம் நின்றது. முழங்கால் உயரம்தான். வெளியே வைத்தால் குரங்கு விடாது என்று உள்ளே வைத்திருந்தார்கள்.

அதைக் கொண்டுவந்தவள் தாண்டவராயனின் மகள் பூங்கோதை. அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு இத்தாலிக்குப் போனவள். அதன் பிறகு பல வருஷம் அவர் அவளோடு பேசவே இல்லை. போன தையில் அவளாகத்தான் வந்தாள். பெங்களூரில் இறங்கி, நர்சரியில் இந்த மரத்தை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தபடி வந்தாள். அவள் வீட்டு வாசலில் இதே மரம் நிற்கிறதாம். பழைய சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த தைக்கு வருவேன், பத்திரமாக வைத்திருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆடி மாதம் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன.

சமையல்கார விசாலம் கூடத்தைப் பெருக்கும்போதெல்லாம், கண்டக்டர் மரத்துக்கு டிக்கெட் கிழித்துவிட்டார் என்று கேலி செய்தாள். அவர் சிரிக்கவில்லை. போனில் மகள் மரத்தைப் பற்றிக் கேட்டால், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

ஒருநாள் குருவிடம் போய் நின்றார்.

"தண்ணி அதிகமா ஊத்தினாத்தான் கெட்டுப்போகும்னு நர்சரிக்காரன் மககிட்ட சொல்லி அனுப்பினான்மா. நான் ஊத்தி ரொம்ப நாளாச்சு. இருந்தும் சாகுதே."

"மண்ணுல விரலை விட்டுப் பார்த்தீங்களா?"

அவர் போய் விரலை விட்டார். சேறு. முகர்ந்தால் சாக்கடை நாற்றம்.

"சாயங்காலம் பூசை முடிஞ்சதும் தூண்கிட்ட உட்கார்ந்து பாருங்க, ஐயா" என்றார் குரு.

உட்கார்ந்து பார்த்தார். பூசைத் தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் கொட்டக் கூடாதே. அதனால் தீர்த்தச் சொம்பைக் கழுவியவர் தொட்டியில் ஊற்றினார். தட்டு அலம்பியவளும் அங்கேதான் ஊற்றினாள். விசாலம் சாமி குடத்தின் அடித்தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். எல்லாம் பக்தி.

கடைசியாக எழுந்து வந்தவர் குருவேதான். உதட்டில் ஜபம் ஓடிக்கொண்டிருந்தது. கைச்சொம்பில் மிச்சம் இருந்ததைத் தொட்டியில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். எங்கே ஊற்றுகிறோம் என்று பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் குரு கேட்டபோது தாண்டவராயன் எல்லோர் பெயரையும் சொன்னார். ஒரு பெயரைச் சொல்லவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

அன்றைக்கே தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை அண்டாவை வைத்தார். எல்லோரும் அதில் ஊற்றினார்கள். காலையில் அது வாழைக்குப் போனது. குரு மட்டும் பழக்கம் மாறாமல் தொட்டியிலேயே ஊற்றினார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யார் போய்ச் சொல்வது?

இலை உதிர்ந்துகொண்டே இருந்தது. கிளைகள் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி ஆகிவிட்டன.

ஒரு சாயங்காலம் குரு சொம்போடு வந்தார். தூணோரம் இருந்த தாண்டவராயன் எழுந்தார். தொட்டியின் மேல் கையை விரித்து மறித்தார்.

தண்ணீர் அவர் புறங்கையில் விழுந்தது.

ஜபம் நின்றது. குரு அந்தக் கையைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார்.

"நானுமா, ஐயா?"

"ஆமாம்மா."

குரு சொம்பைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் கூப்பி, குனிந்து அவரைக் கும்பிட்டார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மரத்தைத் தூக்குங்கள் என்றார்.

வாசலில் உட்கார்ந்து, இருவருமாகத் தொட்டியிலிருந்து மரத்தை உருவினார்கள். வேரெல்லாம் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. குரு அழுகியதை எல்லாம் கத்தரித்தார். நாலைந்து வெள்ளை வேர்தான் மிஞ்சியது. இது போதும், இதுக்கு நன்றி சொல்லுங்கள் என்றார். அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டியில், ஆற்றுமணலும் செங்கல் பொடியும் கலந்து நட்டார்கள். வெயில் விழுகிற ஜன்னல் ஓரம் வைத்தார்கள். தினமும் விரலை விட்டுப் பார்ப்பது தாண்டவராயன் வேலை. உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர்.

கார்த்திகையில், பட்டுப்போனது என்று நினைத்திருந்த கிளை ஒன்றின் கணுவில் அரிசி நுனி அளவுக்குப் பச்சை தெரிந்தது. விசாலம்தான் முதலில் பார்த்தாள். கண்டக்டரே, உங்கள் பயணி இறங்கவில்லை, உட்கார்ந்துதான் இருக்கிறார் என்று ஓடிவந்து சொன்னாள். அன்றைக்கு அவள் பாயசம் வைத்தாள்.

தையில் பூங்கோதை வந்தாள். ஜன்னலோரம் குனிந்து, புது இலையைத் திருப்பி, அதன் வெள்ளி நிற அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். தூரத்தில் நின்று பார்த்த தாண்டவராயனுக்குக் கண் நிறைந்துவிட்டது. குருவிடம் வந்தார்.

"மரம் பிழைச்சது உங்க புண்ணியம்மா. ஆனா ஒண்ணு மனசுல கிடந்து அறுக்குது. குருவோட கையை மறிச்சேன். அது குத்தம். நீங்க ஏன் என்னைக் கும்பிட்டீங்க?"

குரு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உங்க மக உங்க பேச்சை மறிச்சாளே, அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க, ஐயா?"

அவர் தலை குனிந்தார்.

"பேசாம இருந்துட்டேன்."

"அப்போ ஒரு கும்பிடு உங்ககிட்ட இன்னும் மிச்சம் இருக்கு" என்றார் குரு. "போங்க. அவ ஜன்னல்கிட்டதான் நிக்கிறா."