பேசாத ஜாடி

ஒரு ஊர்ல ஒரு பேசுற ஜாடி இருந்துச்சாம். காலை நீட்டிப் படு, சொல்றேன். கம்பம் பக்கம், திராட்சைத் தோட்டத்துக்குள்ள ஒரு வீடு. அந்தக் குடும்பமே ஒயின் போட்டு வித்துத்தான் பொழைக்குது. பெரிய பீங்கான் ஜாடில பழத்தப் பெசஞ்சு போட்டு, வாயைத் துணியால கட்டி வச்சா, ரெண்டு மூணு நாள்ல உள்ள இருந்து குளு குளு, புஸ்ஸ்னு சத்தம் வரும். ஜாடி பேசிருச்சும்பாங்க. பேசுனாத்தான் ஒயின். பேசலைன்னா கெட்டுப்போன சாறு, அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்கு சிசிலின்னு ஒரு மருமக வந்தா. டவுன் பொண்ணு. உன்னை மாதிரியே, வாயத் தொறந்தா கேள்விதான். "உள்ள யாரு பேசுறது?" மாமனாரு "காத்து"ன்னாரு. கொழுந்தன் "பூதம் மதினி"ன்னான். மாமியா செபஸ்தியம்மா, "பேசுதுல்ல? அதோட விடு"ன்னுட்டா. கதைக்கு 'ம்' கொட்டு. ஆங்.

அங்க ஒரு வழக்கம். புது மருமக தனியா ஒரு ஜாடி போடணும். ஞாயித்துக்கெழம சர்ச்சுப் பூசை முடிஞ்சு மாமியா வந்து ஜாடில காத வச்சுக் கேப்பா. பேசலைன்னா அந்த மருமக அப்புறம் அடுப்படியோட சரி, ஜாடி ரூமுக்குள்ள காலே வைக்க முடியாது. சிசிலிக்கோ அந்த ரூம்தான் உசுரு.

அப்புறம் அவ பழத்தப் பறிச்சா. மேலெல்லாம் சாம்பல் பூசுன மாதிரி வெள்ளையா இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சு, சுடுதண்ணில போட்டு சரக் சரக்னு தேச்சுக் கழுவிட்டா. அந்த வீட்ல யாரும் பழத்தக் கழுவுறதே இல்ல, தூசியத் தட்டிப் போடுறதோட சரி. ஆனா கழுவாதேன்னு ஒருத்தரும் அவகிட்ட சொல்லல. கழுவுற மருமக ஒருத்தி வருவான்னு யாரு கண்டா!

ஜாடி பேசல. சீனி போட்டா. ம்ஹூம். குளிருதோ என்னமோன்னு கம்பளியச் சுத்துனா. ம்ஹூம். முட்டி போட்டு செபமாலை சொன்னா. அப்பவும் கம்முனு கெடந்துச்சு.

பாவம், கொடிக்கடியில போய் உக்காந்து அழுதா. அழுதுக்கிட்டே ஒரு பழத்த உருட்டுனா, அந்த வெள்ளப் பொடி வெரல்ல ஒட்டுச்சு. அப்போ சுருக்குனு தோணுச்சு. நம்ம ஜாடில இருக்கற பழத்துல இது இல்லியே! விறுவிறுன்னு ஒரு கொத்தப் பறிச்சு, கழுவாம அப்படியே பெசஞ்சு உள்ள போட்டா. சனிக்கெழம பூரா ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கெழம விடியுறப்ப... குளு. குளு குளு. புஸ்ஸ்!

மாமியா வந்தா. கேட்டா. "பேசிருச்சு"ன்னு திரும்புனா. சிசிலி சும்மா இருந்திருக்கலாம்ல? அவளால முடியல. "அத்தே, நான் தப்பு பண்ணிட்டேன்"னு அம்புட்டையும் ஒப்பிச்சுட்டா. "ஜாடிக்குள்ள பேசுறவங்க இந்தப் பொடிலதான் குடியிருக்காங்க அத்தே. நான்தான் கழுவி வெரட்டிட்டேன்."

செபஸ்தியம்மா விருட்டுனு வெளிய போயிட்டா. போச்சு, இனிமே அடுப்படிதான்னு சிசிலி நிக்கிறா. அப்போ மாமியா ரெண்டு கையிலயும் கொத்துக் கொத்தா பழத்தோட வந்தா. பொடியத் தேச்சுப் பாத்தா, மோந்து பாத்தா.

"இம்புட்டு வருசமா ஒயின் போடுறேன். ஏன் பேசுதுன்னு ஒரு நாள் கேக்கலியேடி! யாருடி அவங்க?"

"தெரியல அத்தே."

"அப்ப வா. ரெண்டு ஜாடி போடுவோம். ஒண்ணு கழுவி, ஒண்ணு கழுவாம. பாத்துருவோம்."

மாமியாளும் மருமகளும் ஜாடி ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டாங்க. அன்னைக்கு அந்த வீட்ல யாருமே சோறாக்கல.

கதை படுத்துருச்சு. நீயும் படு, தூங்கு.