தேயாத வெள்ளை

சாலைப் பூச்சு ஆய்வுக்கூடத்துக்கு மங்கையர்க்கரசி தலைவி. ஞானமுத்து அவரைவிட ஏழு வயது மூத்தவர். ஆனாலும் தொழில் கற்றது அவரிடம்தான்.

சோதனைச் சக்கரம் லட்சம் முறை சுற்றியும் தேயாத வெள்ளைப் பூச்சு ஒன்றை ஞானமுத்து உருவாக்கினார். பள்ளிக்கூட வாசலில், சாலையைக் கடக்கும் இடத்தில், அந்தப் பூச்சில்தான் பட்டைகள் போட்டார்கள். முதல் மழையில் சத்துணவுச் சமையல்காரி அமிர்தவல்லி அதில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

மறுநாள் காலை ஞானமுத்து தலைகுனிந்து வந்து நின்றார்.

"பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை மேடம். பிறகு எப்படி?"

மங்கையர்க்கரசி ஒரு வாளியை எடுத்துக்கொண்டார். இருவரும் பள்ளிக்கூட வாசலுக்குப் போனார்கள். மங்கையர்க்கரசி பட்டைகளின்மேல் தண்ணீரை ஊற்றினார்.

"நடங்கள்."

மூன்றாவது பட்டையில் ஞானமுத்துவின் கால் வழுக்கியது. மங்கையர்க்கரசி அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் சிரித்தார். "சார், அதுல டான்ஸ் ஆடாதீங்க! நாங்கல்லாம் பட்டைய விட்டுட்டுத் தார்லதான் நடக்கறோம்."

ஞானமுத்துவின் முகம் கன்றிப்போயிற்று.

"பிடிப்புக்கு மணல் சேர்த்தீர்களா?"

"சேர்த்தேன். நீங்கள் சொன்ன அளவு. ஒரு பிடி குறையவில்லை."

மங்கையர்க்கரசி தன் வீட்டுச் சாவியை நீட்டினார். ஞானமுத்து குந்தி உட்கார்ந்து பட்டையைச் சுரண்டினார். வெகுநேரம் சுரண்டிய பிறகு ஒரு மணல் துகள் விரலில் குத்தியது.

"இருக்கிறது மேடம், அடியில். மேலே தேய்ந்தால்தானே இது வெளியே..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"மேலேயும் தூவச் சொன்னேனே?"

"தூவினால் வெள்ளை மங்கியது."

"ஈரத்தில் சோதித்தீர்களா?"

ஞானமுத்து கையிலிருந்த சாவியையே பார்த்தார்.

"இல்லை. பிடிப்பு குறையும் என்று தெரியும். அதனால்தான் ஈரத்தில் பார்க்கவில்லை."

எழுந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

"பட்டைகளை இன்றைக்கே பெயர்த்துவிடுகிறேன்."

"பெயருங்கள். அமிர்தவல்லி வீடு பின்தெருவில்தான்."

"அவர் முகத்தை எப்படி மேடம் பார்ப்பேன்? நேற்றிலிருந்து உள்ளுக்குள்ளே கூனிக் குறுகிக் கிடக்கிறேன். அது போதாதா?"

மங்கையர்க்கரசி காலி வாளியைத் தூக்கிக்கொண்டார்.

"மணலும் உள்ளேதான் இருந்தது."