கரடியார் கடையின் இரண்டு கூடைகள்

மிருகங்களும் கடை வைத்துப் பிழைத்த அந்தக் காலத்தில், மூங்கில் காட்டுக்குள் கரடியார் ஒரு கடை நடத்தினார். வாசலில் அவரே முள் வைத்துக் கட்டிய படல். அதைத் திறக்கவும் மூடவும் ஒரு கிளி.

களிமண்ணில் பாதம் பதித்து உறுப்பினர் ஆனவர்களுக்கு ஓலைக் கூடை. அதில் போட்டது எத்தனை காலமானாலும் அவர்களுக்கே. மற்ற விருந்தாளிகளுக்கு இலைக் கூடை. படலைத் தாண்டி வெளியே கால் வைத்தால் போதும், கூடையில் இருந்தது பரணுக்குப் போய்விடும். ஆளையும் கடை மறந்துவிடும்.

ஒருநாள் கீரியம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் புருஷனைப் பாம்பு கடித்திருந்தது. விஷமுறிவு வேர் கடையில் ஒன்றுதான் மிச்சம். அதை இலைக் கூடையில் போட்டுவிட்டு, விலையாகக் கொடுக்கப் புதரோரம் வைத்திருந்த முட்டையை எடுத்துவரப் போனாள்.

திரும்பி வந்ததும், "வாங்க வாங்க, கடைக்குப் புதுசா?" என்றது கிளி.

"இப்பத்தானேப்பா வெளியே போனேன்?"

"யாரு போனது? எனக்குத் தெரியாதே."

கூடை காலி. கரடியார் பல்லைக் காட்டினார். "உறுப்பினரா சேர்ந்துடும்மா. அப்புறம் எமனே வந்தாலும் உன் கூடையைத் தொட முடியாது."

பரணிலிருந்து வேரை மறுபடி எடுத்து இலைக் கூடையில் போட்டுக்கொண்டு, அவசரமாய்ப் பாதம் பதித்தாள். கரடியார் அதை உற்றுப் பார்த்தார். "அட, நீ பழைய ஆளு! போன கோடையிலேயே சேர்ந்திருக்கியே."

உள்ளேயிருந்து ஓர் ஓலைக் கூடை வந்தது. அவள் எப்போதோ போட்டு மறந்த பல்லி வாலும் அழுகிய மாம்பழமும் அதில் கிடந்தன.

"இது எதுக்கு? என் வேர் எங்கே?"

"ஒருத்தருக்கு ஒரு கூடைதான். பழசு வந்தா புதுசு பரணுக்குப் போயிடும்."

பரணுக்குப் போன வேரை அதற்குள், கடைக்கு வந்திருந்த மயிலார் தன் ஓலைக் கூடையில் போட்டுவிட்டு உலாத்தப் போயிருந்தார்.

"அவர் அதை வாங்குவாரா?"

"எங்கே வாங்குறார்? போட்டு வெச்சிருப்பார். உறுப்பினர் ஆச்சே."

அழுதால் ஆகாது என்று கீரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணே, உங்க கடைப் பலகை தலைகீழாத் தொங்குதே," என்றாள்.

கரடியார் பதறி வெளியே ஓடினார். பலகை நேராகத்தான் இருந்தது. அதற்குள் கிளி படலைச் சாத்திவிட்டது.

"வாங்க வாங்க, கடைக்குப் புதுசா?"

"மடப்பயலே, நான் முதலாளிடா!"

"இருக்கட்டுங்க. பாதம் பதிச்சிருக்கீங்களா?"

காட்டையே பதிக்கச் சொன்னவர், தான் பதித்ததில்லை. "சரி, இப்பப் பதிக்கிறேன். களிமண்ணைக் கொண்டா."

"களிமண் உள்ளே இருக்குங்க. விருந்தாளிகிட்ட வெளியே கொடுக்கக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு."

தள்ளிப் பார்த்தார். முள் கையைக் கிழித்தது.

கீரியம்மா முட்டையை அவர் ஆசனத்தில் வைத்தாள். மயிலார் கூடையிலிருந்து வேரை எடுத்துக்கொண்டு, படலுக்கு அடியில் நுழைந்து ஓட்டமாய் ஓடினாள். பொழுது சாயுமுன் அவள் புருஷன் கண்ணைத் திறந்தான்.

கரடியார் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் கிளியைத் திட்டிக்கொண்டே, களிமண் தேடிக் குளத்துப் பக்கம் நடந்து போனார்.

வந்தவரின் தவிப்பைப் பார்க்காமல் தன் சட்டத்தையே பார்க்கிறவரை, ஒருநாள் அந்தச் சட்டமே வெளியே நிறுத்திவிடும்.