ராணியைக் கட்டினவன்

"ராஜாவைக் கட்டினவ ராணி. ராணியைக் கட்டினவன் நான். அப்போ நான் யாரு அம்மா?"

வந்து உட்காரும் முன்னே கேட்டுவிட்டான் சேந்தன்.

வேதவல்லி அம்மை ஆசிரமத்து முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அரண்மனையில என்ன சொல்றாங்க?"

"அங்கேதானே வம்பு! மாமனாருக்கு மகன் இல்லை. அவர் கண்ணை மூடினதும் பட்டம் மகளுக்கு வந்துடுச்சு. நாளைக்குப் பிள்ளை பிறந்தா அதுக்கும் உண்டு. நடுவுல நான் மட்டும் மொட்டை."

"அடடே! மாமியாருக்கு?"

"தாய் மகாராணி."

"மச்சினிக்கு?"

"இளைய ராணி."

கதை கேட்கிற குழந்தை மாதிரி அம்மை கண்ணை விரித்தாள். சேந்தனுக்கு எரிச்சலாக வந்தது.

"சபையில கட்டியக்காரன் எல்லார் பட்டத்தையும் கூவுறான். நான் நுழைஞ்சா இருமுறான் அம்மா! எனக்குன்னு ஒரு பட்டம் கிடைக்காம அந்த வாசலை மிதிக்க மாட்டேன்."

"சரி, இங்கேயே இரு. கதவைத் திறந்து வெச்சா ஆடு வந்துடுது. தட்டுறவங்க யாருன்னு கேட்டுச் சொல்லு."

அவன் கதவுப் பக்கம் போய் உட்கார்ந்தான்.

முதலில் ஒரு கிழவர் தட்டினார்.

"யாரது?"

"குப்பாயி அப்பன்."

பிறகு மோர் கொண்டுவந்த ஒருத்தி.

"தச்சர் வீட்டுல இருந்து வர்றேங்க."

"எந்தத் தச்சர்? பேரைச் சொல்லும்மா."

"ஐயே! கட்டினவர் பேரையா? நல்லாக் கேட்டீங்க போங்க!"

மோர்ப்பானையோடு சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

சேந்தனுக்கும் சிரிப்பு வந்தது. "ஏன் அம்மா, தன்னை யாருன்னு கேட்டா ஒருத்தரும் தன் பேரைச் சொல்ல மாட்டாங்களா?"

"எனக்கும் அதுதான் புரியலை" என்றாள் அம்மை.

வெயில் சாயும்போது மறுபடியும் தட்டும் சத்தம்.

"யாரது?"

தூரம் நடந்து வந்தவர்களின் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"யாருங்க? சொன்னாத்தான் திறப்பேன்."

வளையல் அசைந்தது. சொல்ல வந்து சொல்லாமல் நின்றது ஒரு குரல். பிறகு மெள்ள வந்தது.

"சேந்தனோட வீட்டுக்காரி."

சபையே எழுந்து நிற்கும் அந்தக் குரலுக்கு.

உள்ளிருந்து அம்மை கேட்டாள். "யாரப்பா வந்திருக்கிறது?"

சேந்தன் தாழ்ப்பாளை நீக்கினான்.

"நான் கிளம்புறேன் அம்மா."