சம்பந்தி வீட்டுப் போன்

சாத்தனேரி அண்ணன் தம்பிகளுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்ததைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மூத்தவர் மாசிலாமணி, அடுத்தவர் தணிகாசலம், கடைக்குட்டி பொன்னம்பலம். கைப்பேசி வாங்கித் தொலைத்துச் சலித்துப்போய், மூன்று பேரும் வீட்டுப் போனை மட்டுமே நம்பியிருந்தார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மாசிலாமணி போனையே சுற்றிச் சுற்றி வந்தார். மகள் மங்கையைப் பெண் பார்த்துவிட்டுப் போன கும்பகோணத்துக்காரர்கள், "வெள்ளிக்கிழமை காலையில போன்ல முடிவைச் சொல்றோம்" என்றிருந்தார்கள். ஏற்கெனவே வரன்கள் தட்டிப்போன வீடு. மங்கைக்கும் இந்தப் பையனைப் பிடித்துப் போயிருந்தது.

அந்த நாள் பார்த்துத்தான் பழைய இணைப்பை எடுத்துவிட்டு இன்டர்நெட் போன் மாட்ட ஆள் வந்தான். கூடத்தில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனைக் கையில் கொடுத்தான்; அண்ணன் தம்பிகள் அதை வழக்கம்போல உள்ளறையில் வைத்தார்கள்.

"நம்பர் அதேதான் சார். இனிமே போனுக்குக் கம்பி கிடையாது, பேச்சு காத்துலயே வந்துரும். பெட்டிக்கும் போனுக்கும் நடுவுல சுவர் மட்டும் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"காத்துல வருதுன்னா முதல்ல ஃபேனை நிறுத்தணும்ணே" என்றார் தணிகாசலம். நிறுத்தினார்கள்.

"ஜன்னலையும் சாத்துங்க. சம்மதம் அது பாட்டுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போயிருச்சுன்னா? அங்கயும் கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு இருக்கு" என்றார் பொன்னம்பலம். மாசிலாமணிக்குப் பகீரென்றது. ஓடிப்போய்த் தானே சாத்தினார்.

அப்புறம் மூவரும் சுவரைப் பார்த்தார்கள்.

"போனைக் கூடத்துல வெச்சா போதுமேப்பா" என்றாள் மங்கை.

"போனை மாத்தி வைக்கச் சொல்லலையேம்மா. சுவர் இருக்கக் கூடாதுன்னுதானே சொன்னான்" என்று மகளைச் சமாதானப்படுத்திவிட்டுக் கடப்பாரையை எடுத்தார் மாசிலாமணி. பெற்ற பெண்ணுக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

சுவர் விழுந்தது. அதிலிருந்த சுவிட்ச் போர்டும் சேர்ந்து விழுந்தது. பெட்டியில் எரிந்த விளக்கு பொட்டென்று அணைந்தது.

"பகல்ல எதுக்கு விளக்கு? சிக்கனமான பெட்டி" என்று மெச்சினார் தணிகாசலம்.

காலை போனது, மத்தியானமும் போனது. மணி அடிக்கவே இல்லை. மாசிலாமணிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்து ஒருவர் உள்ளே வந்தார். மாப்பிள்ளையின் அப்பா வைத்திலிங்கம்.

"உஷ்! பேசாதீங்க. முக்கியமான போன் வரப்போகுது" என்றார் பொன்னம்பலம்.

"அந்தப் போனே நான்தாங்க. காலையிலேர்ந்து அடிக்கிறேன், யாரும் எடுக்கல. அதான் பஸ் ஏறி வந்துட்டேன். எங்களுக்குப் பூரண சம்மதம்!"

மாசிலாமணி கட்டிப்பிடிக்கப் போனார். தணிகாசலம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அவசரப்படாதீங்கண்ணே. போன்ல சொல்றேன்னவரு நேர்ல சொல்றாரு. இப்பவே வாக்கு மாறினா நாளைக்கு நம்ம பொண்ணு கதி?"

மாசிலாமணியின் முகம் தொங்கிப்போனது. "மன்னிக்கணும். மணியோசையோட வந்தாதானே அது நல்ல சேதி?" என்று கைகூப்பினார்.

மங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

வைத்திலிங்கம் தாடையைத் தடவியபடி நெடுநேரம் யோசித்தார். "நியாயம்தான். வாக்குன்னா வாக்குதான். ஊருக்குப் போய்ப் போன்லயே சொல்லிடறேன்" என்று செருப்பை மாட்டினார். இப்படியொரு சம்பந்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மாசிலாமணிக்கு உள்ளம் பூரித்தது.

தெருமுனை வரை போன வைத்திலிங்கம் அரக்கப்பரக்கத் திரும்பி வந்தார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நான் ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள மணி அடிச்சா யாரும் எடுத்துடாதீங்க. அது நானா இருக்காது!"