ஈரக் கையிலும் வேலை செய்யும் போன்

புதுப் போன் வாங்கலாமா வேண்டாமா என்று கடைக்காரரிடம் கேட்பார்கள், பேரப்பிள்ளையிடம் கேட்பார்கள். கோமதிநாயகம் தன் குருவிடம் கேட்கப் போனார். அதுவும் சாவகாசமாகப் போகவில்லை. வாய் உலர்ந்து, சட்டையின் மேல் பொத்தானைப் போடக்கூட மறந்துபோய், பைக்கை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார்.

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். தென்காசி போகிற சாலையோரம் ஒரு தியானக் கூடம் நடத்துகிற உலகம்மைதான் குரு. முன்னே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். கோமதிநாயகத்தைவிட நன்றாகவே இளையவர். பெயிண்டுக் கடை முதலாளி, தலை நரைத்த மனுஷன், தன்னைவிடச் சின்னவரிடம் போய் ‘அம்மா’ என்று நிற்பதா என்று முதலில் கூச்சப்பட்டார்தான். இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து முன்வரிசையில் உட்காருகிறவர் அவரே. அம்மா அவரை அண்ணாச்சி என்பார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. காலையில் வந்தவர்கள் சுக்குக் காப்பி குடித்துவிட்டுப் போன டம்ளர்களை அம்மா குழாயடியில் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தார்.

“வாங்க அண்ணாச்சி. என்ன, இன்னைக்கு?”

“ஒரு கேள்விம்மா.”

“கேளுங்க.”

“போனை மாத்தலாமா, வேண்டாமா?”

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அம்மா ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“இப்ப இருக்கிறதுக்கு என்ன?”

“டச் சரியில்லம்மா. போன் வந்தா எடுக்க முடியல. தேய்க்கேன், தேய்க்கேன், நகர மாட்டேங்கு. அதுக்குள்ள கட்டாயிருது.”

“கடையில காட்டினியளா?”

காட்டியிருந்தார். கடைக்காரர் வாங்கி இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தார். வெண்ணெய் மாதிரிப் போனது. ‘போன்ல ஒண்ணும் இல்லையே சார்’ என்றார். சொல்லிவிட்டுச் சும்மா விடுவாரா? ‘ஆனா மாடல் ரொம்பப் பழசு சார், இதுக்கப்புறம் எத்தனையோ வந்தாச்சு’ என்று கண்ணாடி அலமாரியைத் திறந்தார். கேமரா, சார்ஜ், அது இது என்று அவர் அடுக்கியதில் ஒன்று மட்டும் கோமதிநாயகத்தின் காதில் விழுந்தது. விழுந்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“புது மாடல் ஈரக் கையிலயும் வேலை செய்யுமாம்மா. மழையில நின்னுக்கிட்டே எடுக்கலாமாம். அதை நான் வாங்கிக்கிட்டு, இதை வடிவுக்குக் குடுத்திரலாம்னு நினைக்கேன். அவ போன் இதைவிட மோசம்.”

வடிவு அவர் மனைவி.

“மழையில நின்னு யார்கூடப் பேசப் போறிய?”

கோமதிநாயகம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, திரும்ப உள்ளே போட்டார்.

“குடுங்க, பாப்போம்.”

பூட்டைத் திறந்து நீட்டினார். அம்மா கழுவிய கையோடு வாங்கித் திரையைத் தள்ளினார். நகரவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி தள்ளினார். அன்று காலையில் கோமதிநாயகம் ஊரெல்லாம் அனுப்பிவைத்த தாமரைப்பூவும் காலை வணக்கமும் வரிசையாக ஓடின. அந்த விஷயத்தில் அவர் போன் ஒருநாள்கூடச் சொதப்பியதில்லை.

“இதெல்லாம் போகுதே அண்ணாச்சி.”

“இதெல்லாம் போகும்மா.”

“பின்னே எந்தப் போனைத்தான் எடுக்க முடியல?”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயடிக் கல்லில் உட்கார்ந்தார். 

“ஆஸ்பத்திரியில இருந்து வாரது,” என்றார்.

வடிவின் கழுத்தில் ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவுதான், வலிகூட இல்லை. பெரிய டாக்டர் அதிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு வந்ததும் கூப்பிடுவோம் என்றார்கள். கோமதிநாயகம் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் தன் நம்பரைக் கொடுத்து, ‘எதுனாலும் எனக்குச் சொல்லுங்க, அவகிட்டச் சொல்லிராதிய’ என்று காதோடு சொல்லிவிட்டு வந்தார். ஆம்பிளை தாங்கிக்கொள்வான் என்று அப்போது ஒரு நினைப்பு.

அந்த நினைப்பெல்லாம் வீடு வந்து சேரும்வரைதான். மறுநாள் முதல் போன் அடித்தாலே கல்லாவை விட்டு எழுந்துவிடுவார். கடையில் யாராவது டப்பாவைக் கீழே போட்டால்கூடத் தூக்கிவாரிப்போட்டது. சோறு இறங்கவில்லை. தூங்குகிற வடிவின் கழுத்தைப் பார்ப்பதும், பார்க்கக்கூடாது என்று திரும்பிப் படுப்பதுமாகக் கிடந்தார். அவள் மட்டும் தினமும் விளக்கு வைத்த பிறகு, ‘கூப்பிட்டாவளா?’ என்று கேட்பாள். ‘போன் சரியில்ல’ என்பார். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

“திருப்பி நீங்களா கூப்பிட்டுப் பாத்தியளா?” என்றார் அம்மா.

“டச் சரியில்லையேம்மா.”

சொல்லி வாயை மூடுவதற்குள் அவருக்கே அது கேவலமாகப் பட்டது.

போன் அடித்தது. திரையில் ‘ஆஸ்பத்திரி’ என்று வந்தது.

கோமதிநாயகம் எழுந்துவிட்டார். அம்மாவிடமிருந்து போனை வாங்கி இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் பச்சை வட்டத்தைத் தள்ளினார். நகரவில்லை. இன்னொரு தரம் தள்ளினார். விரல் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போனதே தவிர வட்டம் இருந்த இடத்தில் இருந்தது. மணி அடித்து ஓய்ந்தது.

“பாத்தியளாம்மா, பாத்தியளா? நான் சொன்னேம்லா?”

அவர் குரலில் இருந்தது நிம்மதி. அம்மாவுக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டது.

அம்மா போனைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை வேர்வை பளபளத்தது.

“தண்ணியில கை வச்சது நான்லா அண்ணாச்சி,” என்றார்.

கொடியில் கிடந்த துண்டை எடுத்தார். சாப்பிட்டுக் கை கழுவிய பிள்ளைக்குத் துடைப்பது போல ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டார். கோமதிநாயகம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

“பயமா இருக்கும்மா.”

“ம்.”

“என்னமும் ஒண்ணுன்னு சொல்லிட்டா, நான் எந்த முகத்தோட அவகிட்டப் போய்ச் சொல்லுவேன்? எடுக்காதவரைக்கும் அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு இருக்கும்லா?”

“ம்.”

“புதுப் போனே வாங்கிரட்டுமா?”

“வாங்குங்க. எந்த விரலால எடுப்பிய?”

அவர் விரலைப் பார்த்தார். இப்போதுதான் துடைத்த விரல், அதற்குள் மறுபடி ஈரம் கட்டியிருந்தது.

அம்மா திரும்பப் போய் உட்கார்ந்து மிச்ச டம்ளர்களைக் கழுவினார்.  ஆஸ்பத்திரிப் போன் திரும்ப வரவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் கோமதிநாயகம் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

கடைசி டம்ளரைக் கவிழ்த்தபோது போன் அடித்தது. வடிவு.

வட்டம் ஒரே தள்ளில் நகர்ந்தது.

“ஏங்க, எங்க இருக்கிய?”

“கூடத்துல. அம்மாகிட்ட.”

“உங்களுக்கு இத்தனை நாளா அடிச்சு அடிச்சுப் பாத்தாவளாம். இப்பவும் எடுக்கலைன்னு எனக்குக் கூப்பிட்டுட்டாவ.”

 கோமதிநாயகம் கல்லைப் பிடித்துக்கொண்டார்.

“உன் நம்பர் எப்படி அவுககிட்ட?”

“அன்னைக்கு நீங்க வண்டி எடுக்கப் போனப்ப நான் குடுத்தேன். நீங்க எடுக்க மாட்டியன்னு எனக்குத் தெரியாதா?”

அவள் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. கடையில் தேங்காய் வாங்கி வரச் சொல்லும் குரல். அதிலிருந்து நல்லது கெட்டது எதையும் அவரால் பிடிக்க முடியவில்லை.

“என்ன சொன்னாவ வடிவு?”

“வீட்டுக்கு வாங்க. நேர்ல சொல்லுதேன்.”

வைத்துவிட்டாள்.

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். வீட்டில் வேறு யாருமில்லை. பிள்ளைகள் வெளியூர். அவள் தனியாக, அடுப்படியிலோ திண்ணையிலோ நின்று அதைக் கேட்டிருக்கிறாள். அவள் காதில் எது விழக்கூடாது என்று இத்தனை நாள் ஒளித்துத் திரிந்தாரோ, அதை அவரே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டார்.

“அவகிட்ட இருக்கிறது நான் கழிச்சுப் போட்ட போனும்மா,” என்றார். “கண்ணாடியெல்லாம் கீறிக் கிடக்கு. பத்து தடவை தேய்ச்சா ஒரு தடவை நகரும். அதை வச்சுக்கிட்டு அவ…”

தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

“அவளுக்குப் பயமே இல்லையாம்மா?”

அம்மா அவர் கையிலிருந்த துண்டை வாங்கிக் கொடியில் போட்டார். செருப்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“வடிவு மதினி பயந்துக்கிட்டேதான் எடுத்திருப்பாவ, அண்ணாச்சி.”