மேலே ஏறிய வெற்று வரிகள்

ஒரு நகராட்சிக் கம்ப்யூட்டருக்குள் புகார் வரிகள் குடியிருந்த கோப்பு ஒன்று இருந்தது. வரிகள் பேசுமா என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

வந்த வரிசையில் வரிகள் நின்றன. முதலில் நின்ற வரி இது: "ஹைஸ்கூல் சுவர் சாய்கிறது, பக்கத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள்."

தட்டச்சு செய்த தாமரைச்செல்விக்கு ஒரு பழக்கம். ஒரு புகார் முடிந்தால் என்டரை நாலு தடவை தட்டுவாள். அதனால் புகாருக்கும் புகாருக்கும் நடுவே வெற்று வரிகள் வாயைத் திறக்காமல் படுத்துக் கிடந்தன.

"அகர வரிசையில வேணும்" என்றார் இன்ஜினியர் மகுடபதி. வரிசைப்படுத்த, பைத்தான் என்ற கம்ப்யூட்டர் நிரலை ஏவிவிட்டார்கள்.

பைத்தான் ஒவ்வொரு வரியாக வாசித்தது. எல்லாரையும் கலைத்துப் புதிதாக நிறுத்தியது. வெற்று வரிகள் கும்பலாக உச்சிக்குப் போயின. அவற்றுக்கு அடுத்து, "அமைச்சர் வருகைக்கு வளைவு வைக்க இடம் வேண்டும்." கடைக்கோடியில் ஹைஸ்கூல்.

"அண்ணே, இது அநியாயம்! முதல்ல வந்தவன் நான்!" என்று கத்தியது ஹைஸ்கூல் வரி.

"முதல் எழுத்து ஹ. உன் இடம் கடைசி" என்றது பைத்தான்.

"அந்தத் தடிப்பயல்களுக்கு எழுத்தே இல்லையே?"

"ஒண்ணுமே இல்லாதவன் அ-வுக்கும் முன்னால. அதான் சட்டம்."

"நான் என்ன சொல்றேன்னு ஒரு தடவை படிச்சுப் பாருண்ணே. சுவர் சாயுது!"

"வாசிக்கத்தான் சொன்னாங்க. புரிஞ்சுக்கச் சொல்லலை."

"பழைய வரிசையாவது மிச்சம் இருக்கா?"

"அதே கோப்புல எழுதச் சொன்னாங்க. துடைச்சுட்டுத்தான் எழுதினேன்" என்று சொல்லிவிட்டுப் பைத்தான் போய்விட்டது.

மகுடபதி கோப்பைத் திறந்தார். திரை முழுக்க வெள்ளை.

"பாத்தியாம்மா, ஒரு புகாரும் இல்லை! நம்ம ஊரு அவ்வளவு நல்லா இருக்கு."

"கீழே தள்ளிப் பாருங்க சார், நிறைய இருக்கு."

"மேலே இருக்கறதைப் பார்த்தா கீழே இருக்கறது தெரியாதா? மூடு."

கீழே ஹைஸ்கூல் வரி தொண்டை கிழியக் கத்தியது. "கண்ணு அவிஞ்சா போச்சு? உருட்டிப் பாருய்யா!"

அதுவரை ஒரு வார்த்தை பேசியறியாத உச்சி வெற்று வரி திரும்பி அதட்டியது. "சத்தம் போடாதே. ஐயா என்னைப் படிச்சுக்கிட்டு இருக்கார்."

மதியம் போன் அடித்தது. எடுத்துக் கேட்ட தாமரைச்செல்வி ஒரு புது வரியைத் தட்டினாள்: "ஹைஸ்கூல் சுவர் விழுந்துவிட்டது, பிள்ளைகள் அடியில்."

"சார்..." என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

மகுடபதி நிமிரக்கூட இல்லை.

"அகர வரிசையில சேர்த்துடும்மா."